குடும்பத்துக்கு ஒரு மனை

ஜூலை 2

இன்று காலை அந்தப் பொம்பளையின் ஆடு என் முருங்கைக் கன்றை மறுபடியும் மொட்டையடித்துவிட்டது. கேட்கப் போனால், "வேலி கட்டாத முருங்கைய ஆடு திங்காம, தண்ணியா ஊத்தி வளக்கும் அண்ணாச்சி?" என்கிறாள். பெயர் முப்பிடாதி. பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள். இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய தொண்டை. நானும் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன்தான். ஆனால் ஹாரனைத் தேவைப்பட்ட இடத்தில்தான் அடிப்பேன்.

இந்த டைரி மகன் சிவபெருமாள் அனுப்பியது. திருப்பூரில் அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்தார்களாம். பாதி வருடம் போனபின் அப்பா ஞாபகம் வந்திருக்கிறது. "சும்மாதான இருக்கீங்க, எதையாவது எழுதுங்கப்பா" என்றான். சரி, எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி எழுதலாமென்றால் இது ஊரே கிடையாது. ஓடைக்கரை மேட்டில் ஒன்பது வீடு. ஓடைக்கு வடக்கே பூச்சிக்குளம் ஊராட்சி. தெற்கே கட்டாரிவிளை ஊராட்சி. ஓடை இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில், நடுவில் நாங்கள். தெருவிளக்கு கேட்டுப் பூச்சிக்குளம் போனால் தலைவர் தெற்கே கையைக் காட்டுவார். கட்டாரிவிளைக்குப் போனால் அந்தத் தலைவர் வடக்கே காட்டுவார். இரண்டு பேரும் போக்குவரத்துப் போலீசில் சேர்ந்திருந்தால் முன்னுக்கு வந்திருப்பார்கள். எங்களுக்குப் பெயரும் கிடையாது. 'ஓடைக்கரை வீடுக' என்பார்கள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி ராசமணி தவறியபின் திருப்பூரில் மகனோடு கொஞ்ச நாள் இருந்து பார்த்தேன். மருமகள் நல்ல பிள்ளை. ஆனால் அங்கே எல்லோரும் வேலைக்குப் போனபின் நானும் டிவியும் மட்டும்தான் மிச்சம். இங்கே ஒரு வீடு மலிவாக வந்தது, வாங்கிவிட்டேன். இங்கே நிம்மதியாக இருக்கிறேன். ஆடுகளைத் தவிர வேறு குறை இல்லை.

ஜூலை 5

முருங்கை துளிர்க்கிறது. முள் வெட்டி வேலி கட்டினேன். ஆடு வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. அந்தப் பொம்பளையும் பார்த்தாள்.

ஜூலை 11

எழுத வேண்டிய நாள்தான் இது.

காலையில் தலையாரி பைக்கில் வந்து ஐகோர்ட்டின் பெட்டிக்கடைச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனான். ஐகோர்ட்டு என்பது கடைக்காரர் பெயர். குலதெய்வம் ஐகோர்ட்டு மகாராசா. அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவருக்கு இந்தப் பெயர் உண்டு. அவர் மனைவி பேச்சிக்கனி, தாளில் சிங்க முத்திரையைப் பார்த்ததும் கூப்பாடு போட்டுவிட்டாள். "ஏ, எல்லாரும் வாங்க! நமக்கு லைட்டு வந்துட்டு!" ஒன்பது வீடும் கூடிவிட்டது. பேச்சிக்கனி ஆளுக்கு ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி ஊற்றினாள், காசு வாங்காமல். இத்தனை வருடத்தில் அரசாங்கம் எங்களுக்கென்று அனுப்பிய முதல் தாள் அல்லவா.

என்னை வாசிக்கச் சொன்னார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்க ஆரம்பித்தேன். "பொருள்: நீர்நிலை ஓடைப் புறம்போக்கு நிலத்தில் ஆக்கிரமிப்பு செய்துள்ள..." அதற்குமேல் குரலைக் குறைத்துக்கொண்டேன். வளைவில் வேகத்தைக் குறைக்கிற பழக்கம். இருபத்தோரு நாளில் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அரசே இடித்து அகற்றும்.

பேச்சிக்கனி, "அப்போ லைட்டு?" என்றாள்.

முப்பிடாதிதான் பதில் சொன்னாள். "நாம இருக்கோம்னு இப்பத்தாம்ளா கண்டுபிடிச்சிருக்காக. கண்டுபிடிச்ச கையோட போகச் சொல்லுதாக." பிறகு தன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

எனக்குக் கவலை இல்லை. மகன் வீடு இருக்கிறது.

ஜூலை 14

தாலுகா ஆபீசுக்குப் போக மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு ஆபீஸ் பழக்கம் உண்டு என்பதால் நான். ஐகோர்ட்டு. பிறகு முப்பிடாதி. ஏன் என்று தெரியவில்லை. பயப்பட மாட்டாள் என்பதாலிருக்கும்.

வருவாய் ஆய்வாளர் ஒரு சின்னப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட இருக்காது. எங்களை உட்காரச் சொன்னாள், அதுவே பெரிய ஆச்சரியம். நான் தொண்டையைக் கனைத்துத் தொடங்குவதற்குள் முப்பிடாதி முந்திக்கொண்டாள். "தாயீ, எங்களச் சும்மா வெரட்டிரலாம்னு நெனைக்காதிய. எங்க கூட ஐகோர்ட்டு இருக்கு."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "ஹைகோர்ட்ல கேஸ் போட்டுட்டீங்களா? எப்ப?"

"கேஸா? இவரு பிறந்ததுலருந்து ஐகோர்ட்டுதான்" என்றாள் முப்பிடாதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டி. ஐகோர்ட்டு எழுந்து வணக்கம் வைத்தார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கொஞ்சம் மனசு இளகியிருக்க வேண்டும். விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். நீர்நிலை என்று பதிவான நிலத்துக்குப் பட்டா தர வழியே இல்லை. எத்தனை வருடம் இருந்தாலும் செல்லாது. ஆனால் வீடு இழக்கிறவர்களுக்கு மாற்று இடத்தில் மனை கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. அதற்குக் கணக்கெடுக்க வருவாளாம்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இல்லை. முப்பிடாதிக்கு மட்டும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் உட்காராமல், "அண்ணாச்சி, முட்டுவலிக்காரரு நீங்க. ஒக்காருங்க" என்றாள். என் முட்டுவலி இவளுக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலை 15

மழை இல்லை. ஓடையில் மணல்தான் ஓடுகிறது.

ஜூலை 22

சர்வேயர் சங்கிலியோடு வந்தார். எங்கள் மேட்டில் நின்றுகொண்டு, "ஓடை எங்கே?" என்று எங்களையே கேட்டார். ஐகோர்ட்டு இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். சர்வேயர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க நிக்கிறதுதான் ஓடை" என்றார். இந்த மேட்டில் வெள்ளம் ஏறி நான் பார்த்ததில்லை. இங்கேயே பிறந்த ஐகோர்ட்டும் பார்த்ததில்லை. வரைபடம் மட்டும் எப்போதோ பார்த்திருக்கிறது.

பிறகு ஆய்வாளர் பெண் வீடு வீடாகக் கணக்கெடுத்தாள். ஏழு வீட்டுக்கு மனை உண்டு என்றாள். ஒன்பதில் ஏழு. மீதி இரண்டு என் வீடும் முப்பிடாதி வீடும்.

"உத்தரவுல குடும்பத்துக்கு ஒரு மனைன்னுதான் இருக்கு ஐயா. தனி ஆள் குடும்பமா வர மாட்டாங்க."

"நான் குடும்பமாத்தான் இருந்தேன். அவ செத்துப்போயிட்டா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினாள்.

முப்பிடாதி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் புருஷன் பம்பாய்க்கு வேலைக்குப் போய் அங்கேயே செத்தவன். முப்பது வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. கயத்தாறில் தம்பி இருக்கிறான். அங்கே போனால் அவன் வீட்டுக்கு ஒரு சமையல்காரி கிடைப்பாள், அவ்வளவுதான். ஆடுகளை விற்றுவிட்டு வரச் சொல்கிறானாம். இதெல்லாம் பேச்சிக்கனி சொன்னது. நான் விசாரிக்கவில்லை.

சிவபெருமாள் போன் பண்ணினான். "பேசாம இங்க வந்துருங்கப்பா, ரூமெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கோம்." வருகிறேன் என்றேன். எந்தத் தேதி என்று கேட்டான். முருங்கை கொஞ்சம் தேறட்டும் என்றேன்.

ஜூலை 25

பேச்சிக்கனிக்கு நாக்கில் எலும்பு கிடையாது. இன்று கடையில் அத்தனை பேர் முன்னால் சொல்கிறாள். "அங்க ஒரு ஆளு, இங்க ஒரு ஆளு. ரெண்டையும் கூட்டுனா ஒரு குடும்பம்தான? ஒரு தாலிக்கயித்துல முடியிற விஷயத்துக்கு ஏன் ரெண்டு பேரும் ஊர விட்டுப் போணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐகோர்ட்டுகூட. எனக்கு அறுபத்தாறு முடிந்துவிட்டது. பேரன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். அந்தம்மாவும் கண்ணியமாகப் பிழைக்கிற மனுஷி. ஆளில்லாத இரண்டு பேர் என்றால் எது வேண்டுமானாலும் பேசலாமா? தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சர்க்கரை போட்டுவிட்டாள் அதில். அதுவும் ஒரு காரணம்.

இதுபோன்ற பேச்சுக்கு இந்த டைரியில் இடம் கொடுக்கக் கூடாது.

ஜூலை 26

ஆனால் சட்டப்படி யோசித்துப் பார்த்தால் பேச்சிக்கனி சொன்னதில் தப்பு இல்லை.

ஜூலை 27

சாயந்தரம் முப்பிடாதி வந்தாள். முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"பேச்சி சொன்னது உங்க காதுலயும் விழுந்துருக்கும்."

"அவளக் கண்டிச்சு வைக்கணும். நான் ஐகோர்ட்டுகிட்டச் சொல்லுதேன்" என்றேன்.

"கண்டிக்கதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்கேன். திருப்பூருக்குப் போக உங்களுக்கு இஷ்டமா?"

மகன் வீடு, போவதற்கு என்ன, என்றேன்.

"நான் அதக் கேக்கல. இஷ்டமான்னு கேட்டேன்."

நான் வாளியைக் கீழே வைத்தேன். அவளே பேசினாள். "எனக்குக் கயத்தாத்துக்குப் போக இஷ்டம் இல்ல. தம்பி பொண்டாட்டி சோத்தப் போட்டுட்டு எத்தன கரண்டின்னு பாப்பா. நான் இத்தன காலமும் கரண்டி புடிச்சவ. அடுத்தவ கரண்டிய எண்ணி என்னால திங்க முடியாது. அதனால சொல்லுதேன். பேப்பருக்கு மட்டும். மனை கெடச்சதும் நடுவுல ஒரு செவுரு வச்சுக்கிடுவோம். அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். அடுப்பு வேற வேற."

"ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊரு? நமக்குத்தான் ஊரே இல்லன்னு சர்க்காரே சொல்லிட்டே."

நானும் என் நிபந்தனைகளைச் சொன்னேன். ஆடு என் பக்கம் வரக் கூடாது. ராசமணி போட்டோ என் சுவரில் இருக்கும். அவள் அதற்கு, "அது இருக்கணும். அத எடுத்தியன்னாத்தான் நான் சண்டைக்கு வருவேன்" என்றாள்.

போகும்போது, "யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். 'அண்ணாச்சி' போடவில்லை. மறந்திருப்பாள்.

இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்று இருந்தேன். அவள் வாசலை எட்டுவதற்குள், "சரி முப்பிடாதி" என்று சொல்லிவிட்டேன். தயங்கினால் மனை கை நழுவிப் போகும் என்பதால்தான்.

ஜூலை 29

சிவபெருமாளிடம் சொன்னேன். இது பேப்பருக்காக, மனைக்காக, நடுவில் சுவர் வரும், எல்லாம் விளக்கினேன். லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்றேன்.

"மனை வேணும்னா நான் இங்க வாங்கித் தர மாட்டேனாப்பா?" என்றான். "அம்மா போயி ஆறு வருஷம்தான் ஆச்சு." பிறகு, "நீங்க இங்க இருந்தப்ப நான் உங்கள ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது. அவன் ஒன்றுமே சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். காலையில் சாப்பிட்டீங்களா என்பான், ராத்திரி தூங்குங்க என்பான், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் சொன்னதில்லை. இதை அவனிடம் எப்படிச் சொல்ல?

போனை வைத்துவிட்டான். சோறு வடிக்கவில்லை. முப்பிடாதி வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் குழம்பு வந்தது. கத்தரிக்காயும் கருவாடும். இதுவும் பேப்பரில் கிடையாது. ஆனால் வந்ததைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை.

ஜூலை 31

முப்பிடாதி அவள் புருஷனின் இறப்புச் சான்று விஷயமாகத் தாலுகா ஆபீசுக்குப் போய் வந்தாள். துணைக்கு வரவா என்றேன். உங்களுக்கு எதற்கு வீணாகப் பஸ் காசு என்று தனியாகவே போனாள். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பார்த்துக்கொண்டேன். அவற்றில் கறுப்புக் குட்டி ஒன்று பரவாயில்லை. கூப்பிட்டால் வருகிறது.

ஆகஸ்ட் 4

ராசமணியின் இறப்புச் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டு இன்று நான் போனேன். ஆய்வாளர் பெண் ஆபீசில் இல்லை. அங்கிருந்த கிளார்க் என் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "ஓடைக்கரையா? உங்களுக்கு நல்ல சேதி. ஐம்பது வயசு தாண்டுன தனி ஆளுக்கும் மனை குடுக்கலாம்னு திருத்தம் வந்துருச்சு. ஆளுக்கு ஒரு மனை. நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். ஒரு எலுமிச்சைச் சாறு குடித்தேன்.

வாய்வார்த்தையை நம்ப முடியாது. கிளார்க் சொன்னதை நம்பி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். திருத்தத்துக்கு மறுபடி திருத்தம் வரலாம். கையெழுத்தும் முத்திரையுமாகப் பார்க்காமல் முப்பிடாதியிடம் சொல்லி அவளை வீணாகக் குழப்புவது சரியல்ல. எனவே சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்தேன். பழைய சட்டைகள் எல்லாம் காலர் கிழிந்துவிட்டன.

ஆகஸ்ட் 7

காலையில் ஓடைக்கரை அம்மன் பீடத்தில் மாலை மாற்றினோம். தாலியைக் கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவிவிட்டது. ஸ்டியரிங்கில் ஒருநாளும் நழுவாத கை. பேச்சிக்கனி குலவையிட்டாள். மற்ற வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பேப்பருக்கு எதற்குக் குலவை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. முப்பிடாதி அரக்கு நிறச் சேலை கட்டியிருந்தாள். அவளுக்கு அந்த நிறம் எடுக்கும்.

பிறகு பதிவு ஆபீஸ். ஐகோர்ட்டும் பேச்சிக்கனியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பதிவாளர் முப்பிடாதியிடம், "சம்மதம்தானம்மா?" என்று கேட்டார். அவள், "சம்மதம் இல்லாமலா பஸ் ஏறி வந்தேன்?" என்றாள்.

சிவபெருமாள் போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8

அவள் வீட்டில் அவள். என் வீட்டில் நான். ஒப்பந்தப்படி எல்லாம் சரியாக நடக்கிறது.

ஆகஸ்ட் 19

இன்று இடித்தார்கள்.

கெடு தாண்டி இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் வண்டி கட்டாரிவிளைப் பக்கமிருந்து மணலில் இறங்கி ஏறி வந்தது. கதவு, ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் நாங்களே முந்தின நாள் கழற்றி அடுக்கிவிட்டோம். கதவு இல்லாத வீட்டைப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஆள் மாதிரி இருக்கிறது.

ஐகோர்ட்டு வீடு முதலில். அவர் சத்தம் போட மாட்டார். கடைச் சுவர் சரிந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா மண் குழைத்துக் கட்டிய சுவர். பேச்சிக்கனி வண்டி ஓட்டுகிற பையனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே லீவரை இழுத்தான். நான் வண்டி ஓட்டியவன், அவனுடைய நிலைமை எனக்குத் தெரியும். சொல்லும் இடத்துக்கு ஓட்ட வேண்டும். ஏன் அங்கே என்று கேட்க முடியாது.

என் வீடு விழ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் வண்டி திரும்பும்போது சக்கரம் வேலியில் ஏறி முருங்கையை அழுத்திவிட்டது. குனிந்து அதை நிமிர்த்திப் பார்த்தேன். அத்தனை பேர் வீடு போகிறது, நான் ஒரு முருங்கைக்கு நிற்கிறேன். முப்பிடாதி வந்து பக்கத்தில் நின்றாள். அவள் வீடு அடுத்தது. இடிகிற சத்தம் வந்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் சட்டைக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். தூசி அதிகம், தடுமாறியிருப்பாள்.

செப்டம்பர் 6

புது இடம். பழைய இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்: நீரோடை நகர். இங்கே நீரும் கிடையாது, ஓடையும் கிடையாது. பொட்டல். குழாய் போட்டிருக்கிறார்கள், திறந்தால் காற்று வருகிறது. தண்ணீர் லாரிதான். ஆனால் தெருவிளக்கு இருக்கிறது. பகலிலும் எரிகிறது. பேச்சிக்கனி ஒவ்வொரு கம்பத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கேட்டதக் குடுத்துட்டாகப்பா" என்றாள்.

எங்கள் மனையில் தகரக் கொட்டகை போட்டாயிற்று. நடுச்சுவருக்குச் செங்கல் விசாரித்தேன். விலை அதிகமாக இருக்கிறது. மழைக்காலம் முடிந்தால் குறையும் என்கிறார்கள். அதுவரை ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

செப்டம்பர் 20

சேலையை எடுத்தாயிற்று. தகரத்தின் கீழ் காற்று வேண்டாமா?

அடுப்பும் ஒன்றுதான். விறகு இங்கே கிடைப்பதில்லை.

அக்டோபர் 3

சிவபெருமாள் சொல்லாமல் வந்து நின்றான். கையில் ஆப்பிள் பை. உள்ளே வந்து சுவரில் அம்மா போட்டோவைப் பார்த்தான். பூ வைத்திருந்தது. நான் வைத்ததல்ல. எனக்குப் பூக்கட்டத் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும்.

முப்பிடாதி, "கை கழுவிட்டு ஒக்காருய்யா. பஸ்ல வந்தது பசிக்கும்" என்றாள். அவன் முகம் கொடுக்காமல்தான் உட்கார்ந்தான். முதல் தடவை சோறு போட்டாள். சாப்பிட்டான். இரண்டாவது தடவை அவனே தட்டை நீட்டினான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

போகும்போது பஸ் நிறுத்தத்தில், "அப்பா, இங்கயும் டிவி இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "வாங்கித் தரவா?" என்றான். வேண்டாம் என்றேன். கொஞ்சநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அவங்க நம்பரக் குடுங்க. உங்க போன் எப்பவும் சார்ஜ் இல்லாம கெடக்கு" என்றான்.

அக்டோபர் 17

பட்டா கொடுக்க ஆய்வாளர் பெண் வந்தாள். எங்கள் முறை வந்ததும், பெயர்களைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏம்மா, நான் அன்னைக்கே சொன்னேனே. தனித்தனியாவே ரெண்டு மனை வாங்கியிருக்கலாமே?"

முப்பிடாதி, "சரி விடுங்க தாயீ" என்றாள்.

"இல்லம்மா, ஜூலை மாசக் கடைசியில நீங்க சர்டிபிகேட்டுக்கு வந்தீங்கல்ல? திருத்தம் அன்னைக்குத்தான் வந்துச்சு. முதல்ல உங்ககிட்டத்தான் சொன்னேன்."

ஜூலை மாதக் கடைசி. மாலை மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்னால். கிளார்க் என்னிடம் சொன்னதற்கும் முன்னால்.

அந்தப் பெண் போனபின் கொட்டகை வாசலில் உட்கார்ந்தோம். பட்டாவை மடித்து மடியில் வைத்திருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ரெண்டு மனை கெடச்சிருக்கும்" என்றேன்.

"கெடச்சிருக்கும்."

"பெரிய நஷ்டம்."

"பெரிய நஷ்டந்தான்" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கிளார்க்கு எங்க கட்டாரிவிளைப் பள்ளிக்கொடத்துல படிச்ச பய. என் கையால தின்னவன். ஆகஸ்ட் மாசம் நீங்க போனது, உங்ககிட்டச் சொன்னது, எல்லாத்தையும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டான்."

பட்டாவை இன்னொரு மடிப்பு மடித்தேன். "வாய்வார்த்தைய நம்ப முடியாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா" என்றாள். "நானும் அதான் நெனச்சேன்."

நவம்பர் 21

நான்கு நாளாக விடாத மழை. கட்டாரிவிளைப் பாலத்தைத் தண்ணீர் தொடுகிறது என்றார்கள். எங்கள் பழைய இடம் என்ன ஆயிற்று என்று பார்க்க எல்லோரும் கிளம்பினோம். எதற்கென்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

பாலத்தில் நின்று பார்த்தோம். ஓடை இரண்டு கையும் பெருகிப் போகிறது. கலங்கல் தண்ணீர், பனைமட்டை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் எங்கள் மேடு. ஒரு சொட்டு ஏறவில்லை. இடிந்த சுவர்களின் அடித்தடம் ஒன்பதும் அப்படியே தெரிந்தது. அரசாங்கக் கணக்கில் ஓடையாக இருக்கிற இடம் முழுதும் புல் முளைத்துக் கிடந்தது. அரசாங்கக் கணக்கில் தரையாக இருக்கிற கட்டாரிவிளைத் தெருவில் முழங்கால் தண்ணீர். ஐகோர்ட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஓடைக்குத் தெரிஞ்சிருக்கு வே" என்றார். பேச்சிக்கனி அவர் தலைக்குத் துண்டைப் போட்டுக் கூட்டிப் போனாள்.

முப்பிடாதி தன் வீடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். என் தோள் முழுக்க நனைந்துவிட்டது. அழுகிறாளா, மழையா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போவோம். நின்னா மட்டும் திருப்பித் தந்துருவாகளா?" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட் கிடைத்தது. கண்டக்டர் சின்னப் பையன், புதுசு. "எங்க போணும்?" என்றார். எனக்குப் புது இடத்துப் பலகையில் எழுதியிருந்த பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. பழைய பெயரைச் சொல்லலாமென்றால் அப்படி ஒன்று எப்போதுமே இருந்ததில்லை.

முப்பிடாதி முந்திக்கொண்டாள். "எனக்கு ஓசி டிக்கெட்டு. இவுகளுக்கு ஒண்ணு கிழிங்க."

"எங்கம்மா?"

"வீட்டுக்கு."

இத்தனை வருடம் பஸ் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பெயரில் எந்த ரூட்டிலும் ஒரு நிறுத்தம் கிடையாது. கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வேறு கேள்வி கேட்காமல் கிழித்துக் கொடுத்தார்.